முகத்துக்கு நேரே யாரும் சொல்லாத குறை
தொழில் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: தொழிலை உள்ளே இருந்து பார்த்துப் பழகியவர்கள், வெளியாள் கண்ணுக்குப் படுவதை எப்படித் தெரிந்துகொள்வது? ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

செந்தூல் வாசகி: வீட்டில் முறுக்கும் ஓமப்பொடியும் செய்து ஏழு கடைகளுக்குப் போடுகிறேன். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் ‘பிரமாதம்’ என்கிறார்கள். ஆனால் மூன்று கடைகளில் மறுபடி ஆர்டர் வரவில்லை. கடைக்காரரைக் கேட்டால், “நல்லாத்தான் இருக்குக்கா, கொஞ்சம் மெதுவாப் போகுது” என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் சாப்பிட்டது அன்று சுட்ட முறுக்கு. கடையில் வாங்கியவர் சாப்பிட்டது, டியூப் லைட் வெளிச்சத்தில் மூன்று வாரம் தொங்கிய முறுக்கு. பெயர் ஒன்றானாலும் இரண்டும் வேறு வேறு பண்டம்.

முதல் வேலையாக, ஆர்டர் வராத அந்த மூன்று கடைகளுக்கும் வேறு யாரையாவது அனுப்பி, உங்கள் பாக்கெட்டையே காசு கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். வீட்டில் பிரித்ததும், சாப்பிடுவதற்கு முன் பாக்கெட்டின் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். காறல் வாடை அடித்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. எண்ணெய்ப் பண்டத்தைக் கெடுப்பவை காற்றும் வெளிச்சமும் சூடும். சாதாரண பிளாஸ்டிக் பை ஈரத்தை ஓரளவு தடுக்கும். காற்றை உள்ளே விடும். உள்புறம் வெள்ளி நிறத்தில் இருக்கும் உலோகப் பூச்சுப் பை காற்றையும் வெளிச்சத்தையும் நன்றாகத் தடுக்கும். பை மட்டும் மாறினால் போதாது. பழைய எண்ணெயிலேயே புது எண்ணெயை ஊற்றி ஊற்றிச் சுட்டால், எந்தப் பையில் போட்டாலும் சீக்கிரம் காறும்.

முறுக்கு நமுத்திருந்தால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. இளஞ்சூட்டில் பையில் போட்டிருப்பீர்கள். உள்ளே ஆவி நீராகியிருக்கும். கம்பித் தட்டில் பரப்பி, உள்ளங்கையில் வைத்தால் சூடே தெரியாத அளவு ஆறிய பிறகு போடுங்கள். சீல் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, பாக்கெட்டைத் தண்ணீர் வாளியில் அமுக்கிப் பிடியுங்கள். குமிழி வரிசையாகக் கிளம்பும் இடத்தில்தான் ஓட்டை. பெரும்பாலும் மூலையில், முறுக்குத் துகள் சீல் கோட்டில் சிக்கிய இடத்தில் இருக்கும்.

அடுத்தது, கேட்கும் முறை. கையில் தட்டைக் கொடுத்துவிட்டு ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் நம்மவர்கள் ஒருநாளும் குறை சொல்ல மாட்டார்கள். அது மரியாதை, அவர்கள் மீது தப்பில்லை. அந்த மரியாதைக்கு இடமில்லாதபடி கேள்வியை அமைக்க வேண்டும். உணவுத் தொழிற்சாலைகளில் மூன்று தட்டுச் சோதனை என்று ஒன்று செய்வார்கள். வீட்டிலும் செய்யலாம். இன்று சுட்டது ஒரு வகை, கடையிலிருந்து திரும்ப வாங்கியது இன்னொரு வகை. ஒவ்வொருவருக்கும் மூன்று தட்டு. இரண்டில் ஒரே வகை, ஒன்றில் மற்றது. தட்டின் அடியில் 417, 862 போல மூன்று இலக்க எண் எழுதுங்கள். ‘ஏ, பி’ என்றோ ‘1, 2’ என்றோ எழுதினால் முதலில் இருப்பதுதான் நல்லது என்று மனம் சாயும். வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். ஆறு விதமாக வைக்கலாம். நடுவில் வெந்நீர் ஒரு மிடறு. கேள்வி ஒன்றுதான்: ‘இதில் எது வேறு?’ பிடித்ததா என்று கேட்க வேண்டாம். யாரையும் புண்படுத்தும் கேள்வி இல்லை என்பதால் உள்ளதைச் சொல்வார்கள்.

கணக்கு இது. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஆகவே 12 பேரில் 8 பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் நிஜம் என்று எடுத்துக்கொள்ளலாம்; 24 பேர் என்றால் 13. தட்டை நீட்டுபவருக்கும் எது எது என்று தெரியக்கூடாது. தெரிந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். எண்ணெய் மாற்றும்போதும் மாவு ஆலையை மாற்றும்போதும் இதே சோதனை பயன்படும்.

கடைசியாக, ஒரு சனிக்கிழமை மாலை 5 முதல் 7 மணி வரை கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அலமாரிக்குச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். யாரிடமும் பேச வேண்டாம். கடந்து போனவர் எத்தனை, கையில் எடுத்தவர் எத்தனை, திருப்பிப் படித்தவர் எத்தனை, வாங்கியவர் எத்தனை என்று கோடு போடுங்கள். யாரும் எடுக்கவே இல்லை என்றால் வைத்த இடமோ தோற்றமோ சரியில்லை. எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தால் லேபிளிலோ விலையிலோ கோளாறு. வாங்குகிறார்கள், ஆனால் மறுபடி வருவதில்லை என்றால் பண்டத்தில்தான் குறை.

லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி இங்கே தயாராகும் பண்டத்தின் லேபிள் மலாய் மொழியில் இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். பண்டத்தின் பெயர், எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகச் சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்தவர் பெயரும் முகவரியும், காலாவதி தேதி ஆகியவை இருக்க வேண்டும். மலாய்க்காரர், சீனர் கையில் எடுத்துவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்றால், ‘ஓமப்பொடி’ என்ற சொல் அவர்களுக்கு எதையும் சொல்லவில்லை என்று பொருள். அதன் கீழே கடலைமாவு நொறுக்குத்தீனி என்று மலாயில் ஒரு வரி போட்டுப் பாருங்கள். ஹலால் முத்திரையை மட்டும் சான்றிதழ் இல்லாமல் நீங்களாக அச்சிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

பினாங்கு, லெபோ பாசார் வாசகர்: எங்களுடையது அப்பா காலத்துப் புடவைக் கடை. வெளியில் யாராவது ஒன்று சொன்னால், “அவனுக்கு இந்த யாவாரம் என்ன தெரியும்?” என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். மாடி முழுக்கப் போகாத சரக்கு. எப்படிப் புரியவைப்பது?

பதில்: அப்பாவுக்கு வெளியாள் வேண்டாம் என்றால், அப்பாவையே கொஞ்ச நேரம் வெளியாளாக்க வழி உண்டு. உங்கள் தீவிலேயே கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் நடந்தது இது. இன்டெல் 1968-இல் கணினி நினைவகச் சில்லு செய்யத் தொடங்கிய நிறுவனம். 1972-இல் வெளிநாட்டில் முதல் ஆலையைப் பினாங்கில்தான் திறந்தது. 1980-களில் ஜப்பானிய நிறுவனங்கள் விலையிலும் தரத்திலும் முந்த, நினைவகச் சில்லில் நஷ்டம் ஏறியது. ஆனால் அதுதானே நம் குலத்தொழில் என்று யாருக்கும் விட மனமில்லை. 1985-இல் நிறுவனத்தின் உயர் நிர்வாகி ஆண்ட்ரூ குரோவ், அப்போதைய தலைவர் கார்டன் மூரிடம் ஒன்று கேட்டார்: நம்மை வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? நினைவகத்தை விட்டுவிடுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே கதவுக்கு வெளியே போய்த் திரும்பி உள்ளே வந்து அதைச் செய்துவிடலாமே என்றார் குரோவ். அதன்பின் நிறுவனம், கணினிக்கு மூளை போன்ற நுண்செயலிகளில் முழுமூச்சாக இறங்கியது.

இதில் யாரும் மூருக்குப் புத்தி சொல்லவில்லை. விடை அவர் வாயிலிருந்தே வந்தது. அப்பாவிடமும் அப்படியே கேளுங்கள். ‘இந்தக் கடையை இன்றைக்கு நாம் புதிதாக விலைக்கு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்பா. மாடியில் இருக்கும் சரக்கில் எதற்குக் காசு கொடுப்பீர்கள்?’ வேலையாட்கள் முன்னால் கேட்காதீர்கள். கடை சாத்திய பிறகு கேளுங்கள்.

அதற்கு முன் எண்கள் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு கட்டிலும் வாங்கிய காலத்தைக் காட்டும் வண்ணச் சீட்டு ஒட்டுங்கள்: மூன்று மாதத்துக்குள் வந்தது பச்சை, ஒரு வருடத்துக்குள் மஞ்சள், அதற்கும் பழையது சிவப்பு. சிவப்பை மட்டும் அடக்க விலையில் கூட்டுங்கள். அடக்க விலை 85 ரிங்கிட்டில் 40 புடவை என்றால் 3,400 ரிங்கிட் மாடியில் முடங்கிக் கிடக்கிறது. அந்தத் தொகை எத்தனை மாதக் கடை வாடகை என்று அப்பாவே கணக்குப் போடட்டும். இங்குள்ள புழுக்கத்தில் ஜரிகை மடிப்பில் கறுக்கும், பட்டு மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போகும். ஆகவே காத்திருந்தால் விலை ஏறும் சரக்கு அதில்லை.

இன்னொரு வெளிப்பார்வை கடைக்குள்ளேயே இருக்கிறது: புடவை விரித்துக் காட்டும் அக்காக்கள். வாங்காமல் போனவரைப் பற்றி முதலாளியை விட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். கல்லாப் பக்கம் ஒரு நோட்டு வைத்து 30 நாள் எழுதச் சொல்லுங்கள். நேரம், கேட்டது என்ன, நம்மிடம் இருந்ததா, போகும்போது என்ன சொன்னார் என்று நான்கு கட்டம் போதும். ‘விலை அதிகம்னு சொன்னாங்க’ என்று பொத்தாம்பொதுவாக எழுதவிடாதீர்கள். ‘கழுவுற மாதிரி காட்டன் கேட்டாங்க, 60-க்குள்ள, நம்மகிட்ட இல்ல’ என்று இருந்தால்தான் அடுத்த கொள்முதலுக்கு உதவும். இதில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. முதல் வாரம் எழுதியதைப் பார்த்து முதலாளி, “ஏன் விட்டே?” என்று கடிந்துகொள்வார். மறுவாரம் நோட்டு காலியாக இருக்கும். அந்த நோட்டில் வரும் எதற்கும் யாரும் திட்டு வாங்கக்கூடாது என்பதை அப்பாவே சொன்னால்தான் நிற்கும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். கூகுளில் ஒருவர் ‘காரம் தாங்கவில்லை’ என்கிறார், இன்னொருவர் ‘சப்பென்று இருக்கிறது’ என்கிறார். இரண்டும் கோழிக்கறி பற்றித்தான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதில்: நாக்கு ஆளுக்கு ஆள் வேறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இருவரும் சொன்னது சரியாகவே இருக்கலாம். இரண்டு பதிவின் தேதியையும் பார்த்து, அன்று அடுப்பில் யார் நின்றார் என்று வேலை அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். கண்ணளவில் அள்ளிப் போடும் சமையலில், குவித்த கரண்டிக்கும் தட்டிய கரண்டிக்கும் உள்ள வித்தியாசம் 10 கிலோ கோழியில் நன்றாகத் தெரியும். மிளகாய்த்தூளும் மூட்டைக்கு மூட்டை உறைப்பு மாறும். தராசு வைத்து, 10 கிலோவுக்குத் தூள் எத்தனை கிராம், உப்பு எத்தனை கிராம் என்று எழுதி அடுப்பங்கரையில் ஒட்டுங்கள். புது மூட்டை பிரித்த அன்று ஒரு கிலோவில் சமைத்து ருசி பார்த்த பிறகு பெரிய சட்டியில் இறக்குங்கள்.

மற்றப் பதிவுகளில், கருத்தைத் தள்ளி வைத்துவிட்டு நடந்த சம்பவத்தை மட்டும் எண்ணுங்கள். ‘சேவை மோசம்’ என்பது கருத்து. ‘இலை போட்டு இருபது நிமிடம் சோறு வரவில்லை’ என்பது சம்பவம். அதைக் கடிகாரம் வைத்து ஒரு ஞாயிறு மதியம் நீங்களே அளந்து பார்க்கலாம்.

பட்டர்வொர்த் வாசகர்: கார் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். நம் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களைப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். மளிகைக்கடையில் மெக்கானிக் என்ன கற்றுக்கொள்வது?

பதில்: நிறையவே இருக்கிறது; கார் உலகமே அங்கிருந்துதான் ஒரு பெரிய பாடத்தை எடுத்தது. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ 1956-இல் அமெரிக்கா போனபோது கார் ஆலைகளைப் பார்த்தார். அவர் மனத்தில் தங்கியது அங்கிருந்த சூப்பர்மார்க்கெட். வாடிக்கையாளர் தனக்கு வேண்டியதை, வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிறார். எடுத்த அளவுக்குத்தான் கடைக்காரர் மறுபடி அடுக்குகிறார். இந்த வழியை ஆலைக்குள் கொண்டுவந்து, எதை எப்போது நிரப்ப வேண்டும் என்பதைத் தெரிவிக்க ஓர் அட்டையைப் பயன்படுத்தினார்கள். கான்பான் என்பது அந்த அட்டைதான்.

உங்கள் ஆயில் ஃபில்டர் அலமாரிக்கு இதை அப்படியே இறக்கலாம். வேகமாகப் போகும் ஒரு வகையை, உதாரணமாக மைவி காருக்குப் போடும் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 4 போகிறது, சொன்னால் சரக்கு வர 2 நாள் ஆகிறது என்றால் 4 × 2 = 8. லோரி தாமதமாகலாம், ஒரு நாள் கூட்டம் கூடலாம்; பாதி சேர்த்து 12. இரண்டு பெட்டி வையுங்கள். பின்பெட்டியில் 12, அதன் மேல் ஓர் அட்டை. முன்பெட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அது காலியானதும் பின்பெட்டியை முன்னால் இழுத்து, அட்டையைக் கல்லாவுக்கு அருகிலுள்ள ஆணியில் மாட்ட வேண்டும். மாலையில் ஆணியில் தொங்கும் அட்டைகள்தான் அன்றைய ஆர்டர். பார்ட் எண், சப்ளையர், எத்தனை வாங்க வேண்டும் என்பது அட்டையிலேயே இருக்கட்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. அவசரத்தில் பின்பெட்டியில் கைவைத்துவிட்டு அட்டையை மாட்ட மறப்பது முதலாவது. பின்பெட்டியின் வாயை ஒரு டேப்பால் ஒட்டி, அட்டையை அந்த டேப்பிலேயே செருகிவிட்டால், டேப்பைக் கிழித்தவர் கையில் அட்டை வந்துவிடும். இரண்டாவது, புதிதாக வந்த சரக்கை முன்பெட்டியில் கொட்டுவது. முதலில் பின்பெட்டியின் 12-ஐ நிரப்பிய பிறகுதான் முன்பெட்டி. மூன்றாவது, மாதத்துக்கு ஒன்று போகும் பார்ட்ஸுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்வது. அவற்றைத் தேவைப்படும்போது வாங்குவதே சரி. இல்லாவிட்டால் அலமாரியில் காசுதான் தூசி படியும்.

அடுத்த முறை மருந்துக்கடைக்கோ மினி மார்க்கெட்டுக்கோ போகும்போது ஒரே ஒரு வேலையை மட்டும் பாருங்கள்: சரக்கு தீர்ந்ததை அவர்களுக்கு எது சொல்கிறது?

செராஸ் வாசகி: சொந்தமாக மசாலாத்தூள் அரைத்து விற்கிறேன். தொழிலைப் பார்த்து ஆலோசனை சொல்ல ஒருவர் 6,000 ரிங்கிட் கேட்கிறார். பணமும் யோசனையாக இருக்கிறது, என் பக்குவம் வெளியே போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. இன்னொரு பக்கம் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எதைக் கேட்பது?

பதில்: பணத்தை முதலில் பார்ப்போம். யாருக்கும் முதல் சந்திப்பிலேயே 6,000 தர வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் காசு கொடுத்து ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவர் பேசிய நேரத்தை விட உங்களைக் கேள்வி கேட்ட நேரம் அதிகமா என்று கவனியுங்கள். விற்பனைக் கணக்கைக் கேட்காமலேயே விளம்பரம் செய், மெஷின் வாங்கு என்று சொல்பவருக்கு வேறு எங்கிருந்தாவது கமிஷன் வருகிறதா என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். வருகிறது என்றால் அது குற்றமில்லை. ஆனால் அந்த ஆலோசனையை விற்பனைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பு வேலை செய்த இரண்டு கடைகளின் தொடர்பைக் கேட்டு வாங்கி, ‘அவர் சொன்னதில் எது இன்றும் நடக்கிறது, எதைக் கைவிட்டீர்கள்?’ என்று கேளுங்கள். ஒத்துவந்தால் எத்தனை நாள் உங்கள் இடத்தில் நிற்பார், எந்த எண்ணை மாற்றப் போகிறார் என்பதை எழுத்தில் வாங்கி, பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். வாடிக்கையாளருக்கு என்ன பிடிக்கும் என்பதற்குக் காசு தர வேண்டாம். அதை வாடிக்கையாளரே சொல்வார். கணக்கு, வரி, உணவு விதிமுறை ஆகியவற்றில் தெரிந்தவருக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசு அமைப்பான எஸ்எம்இ கார்ப் அலுவலகத்தையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

பக்குவத்தைப் பொறுத்தவரை, ஆலோசகருக்கு அளவு தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கிலோவுக்கு அடக்கம் இவ்வளவு, விற்பது இவ்வளவு என்றால் போதும். கொத்தமல்லி எத்தனை பங்கு, வறுக்கும் பதம் என்ன, யாரிடம் கொள்முதல் செய்கிறீர்கள் என்பதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ரகசியம் காப்பதாக ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கலாம். உண்மையில் திருடு போகக்கூடியது பெயர்தான். மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் அந்தப் பெயர் தமக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பதிவு வணிகம் செய்வதற்கானது. பெயரின் மீதும் சின்னத்தின் மீதும் உரிமை வேண்டுமென்றால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் வணிகச் சின்னமாகத் தனியே பதிய வேண்டும். 2019-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்படி அது 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பைகளை ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் முன், அதே பெயர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறதா என்று அவர்களுடைய இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.

ஆளுக்கு ஒன்று சொல்வதற்கு ஒரு நோட்டுப் போதும். சொன்னவர் யார், அவர் உங்கள் தூளைக் காசு கொடுத்து வாங்கியவரா, நடந்தது என்ன, தேதி. ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே சம்பவத்தைச் சொன்னால் கையில் எடுங்கள். ஒரு வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் சொன்னால் அது ஒருவர் சொன்னதாகவே கணக்கு. எடுத்ததையும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பை, விலை, காரம் மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்றினால், விற்பனை ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று தெரியாது. விலை, லேபிள் போன்றவை திருப்பிப் போடக்கூடியவை; 20 பாக்கெட்டில் இரண்டு வாரம் சோதித்தால் போதும். அரவை மெஷின், கடை வாடகை ஒப்பந்தம் போன்றவற்றிலிருந்து சுலபத்தில் திரும்ப முடியாது. அவற்றுக்குச் சோதனை முடிவு வரும்வரை காத்திருங்கள். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரங்களில் மட்டும் எதையும் சோதிக்காதீர்கள். அப்போது வைத்ததெல்லாம் விற்கும். அந்தக் கணக்கு கார்த்திகைக்குப் பொருந்தாது.